கரீபியன் ஓட்டத்துக்குச் சட்டமன்றப் பாராட்டு: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ப்ரூக்ளின்வாசி:
ஜூன் மாதம் நியூயார்க்கின் ப்ரூக்ளினில் உள்ள ப்ராஸ்பெக்ட் பார்க் பூங்காவில் கரீபியன் மக்கள் நடத்திய ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு ஜமைக்கா அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். ஓட முடியாவிட்டால் நட, நடக்கவும் முடியாவிட்டால் நின்று கைதட்டு என்று சொல்லி இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஓட்டம் தொடங்கும் முன் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மேடையேறி, இந்த ஓட்டத்தைப் பாராட்டி நிறைவேற்றிய தீர்மானத்தை வாசித்தார். நியூயார்க் தீர்மானங்களுக்கென்று ஒரு நடை இருக்கிறது. பத்தி பத்தியாகக் காரணங்களை அடுக்கி, கடைசியில் ‘இந்த அவை தன் அலுவல்களைச் சற்றே நிறுத்தி’ இன்னாரைப் பாராட்டுகிறது என்று முடிப்பார்கள். நம் டிஜே சும்மா இருப்பாரா? ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ஏர்ஹார்ன் ஊதல். டிரினிடாட், பார்படோஸ், கிரெனடா என்று தீவின் பெயர் வரும்போதெல்லாம் அந்தந்தக் கொடிக்காரர்கள் கத்தினார்கள். உறுப்பினருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

பூங்காவைச் சுற்றும் சாலை சுமார் 5.4 கிலோமீட்டர், 2018 முதல் கார்களுக்கு இடமில்லை. கிழக்குப் பக்க ஏற்றத்தில் மூச்சு வாங்கும். சரியாக அங்கேதான் ஸ்டீல்பேன் என்ற டிரினிடாட் உலோக மேளம் வாசிக்கும் குழுவை நிறுத்தியிருந்தார்கள். யார் யோசனையோ, நல்ல யோசனை.

ஓடி முடித்தவர்கள் டி-ஷர்ட் கொடுக்கும் கூடாரத்தைவிட, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் கூடாரத்தில்தான் அதிகம் நின்றார்கள். நம் நர்ஸ் அம்மாவும் வரிசையில் நிற்காமல் நேராக உள்ளே போய், கை நீட்ட வெட்கப்பட்ட பெரியவர்களை அதட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

கணக்குப்பிள்ளை:
அண்ணா, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். அந்தத் தீர்மானத்தால் என்ன லாபம்? அது சட்டம் இல்லை. ஆளுநர் கையெழுத்தும் தேவையில்லை. ஒரு டாலர்கூட ஒதுக்க மாட்டார்கள். பெரும்பாலும் பத்துப் பதினைந்தைச் சேர்த்து ஒரே மூச்சில் குரல் வாக்கில் நிறைவேற்றுவதுதான். தேர்தல் வருகிறதோ?

ப்ரூக்ளின்வாசி:
தேர்தலும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கரீபிய அமெரிக்கப் பாரம்பரிய மாதமும் இப்படி ஒரு தீர்மானமாகத்தான் தொடங்கியது. கரீபிய ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய கிளேர் நெல்சன் விடாமல் வலியுறுத்தி வந்தார். அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பார்பரா லீ கொண்டுவந்த தீர்மானத்தை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2005-லும் செனட் 2006-லும் ஏற்றன. அதே 2006 ஜூனில் அதிபர் புஷ் பிரகடனம் வெளியிட்டார். இன்று ஜூன் வந்தாலே பள்ளி, நூலகம், ஓட்டம் எல்லாம் அந்த மாதத்தின் பெயரில்தான் நடக்கின்றன. காசில்லாத காகிதம்தான், ஆனால் அதைக் காட்டி அடுத்த கதவைத் தட்டலாம்.

போர்ட் ஆஃப் ஸ்பெயின் மீனா:
நான் சில வருடம் டிரினிடாடில் வேலை பார்த்தேன். ஆரோக்கியத்தில் அங்கே அரசுகளே முந்திக்கொண்டன. 2007 செப்டம்பரில் கேரிகாம் என்ற கரீபிய நாடுகள் கூட்டமைப்பின் தலைவர்கள் டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கூடி, நீரிழிவு, ரத்த அழுத்தம் போன்ற நோய்களுக்கு எதிராக ஒரு பிரகடனம் செய்தார்கள். 2008 முதல் செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை கரீபிய நலவாழ்வு நாள். காலையில் சவன்னா மைதானத்தைச் சுற்றி நடைக் கூட்டம், வெளியே வந்தால் சுடச்சுட டபுள்ஸ் வண்டி. பாரா என்ற பொரித்த மைதா ரொட்டி, மேலே சன்னா, எண்ணெய் சொட்டும். நடந்ததெல்லாம் வீண், வேறென்ன! பார்படோஸ் 2015-லேயே இனிப்பு பானங்களுக்கு 10 சதவீத வரி போட்டது. என்னைக் கேட்டால் பாராட்டுத் தீர்மானத்தைவிட அந்த வரிதான் உருப்படியான வேலை.

குயின்ஸ் அக்கா:
எங்கள் ரிச்மண்ட் ஹில்லில் கயானா மக்கள் அதிகம். இங்கே ஒரு நடை நிகழ்ச்சியில் சோகா என்ற கரீபிய ஆட்டப் பாட்டுக்கு நடுவே தப்பு மேளச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் கூலி வேலைக்குச் சென்னையில் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள், மாரியம்மன் பூசைக்கு அடிக்கிற அதே தப்பு. அடித்த தம்பிக்குத் தமிழ் தெரியாது. என் ஊரைக் கேட்டுவிட்டு இன்னும் வேகமாக அடித்தான். நானும் வேகமாக நடந்தேன், முழங்கால்தான் பாவம்.

நெக்ரில் ரிட்டர்ன்:
ஜமைக்காவுக்கே போக ஆசை இருந்தால் டிசம்பரில் மேற்குக் கரை ஊரான நெக்ரிலில் ரெக்கே மாரத்தான், 2001-ல் தொடங்கியது. நான் போனபோது விடியும் முன்பே, காலை 5:15-க்குத் தீப்பந்த வெளிச்சத்தில் கிளப்பிவிட்டார்கள். வழியெல்லாம் சவுண்ட் சிஸ்டம். விமானம் மான்டிகோ பே வரைதான், அப்புறம் சாலை வழியாக ஒன்றரை மணி நேரம். அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.