மகள் கொண்டுவந்த மூன்று டப்பா தேயிலை: எப்படிக் குடிப்பது?

வைகைக்கரை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் மதுரை, வயது 61. நாற்பது வருடமாக டீ போடுகிறேன். எனக்கு டீ போடத் தெரியாது என்று போன வாரம்தான் தெரிந்தது.

மகள் டப்ளினில் இருக்கிறாள். லீவுக்கு வந்தவள் மூன்று டப்பா இலைத் தேயிலையைக் கொடுத்து, "அம்மா, எப்பப் பார்த்தாலும் தூளையே காய்ச்சாதே, இதையும் குடிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒன்று எர்ல் கிரே. இன்னொன்று மல்லிகை போட்ட பச்சைத் தேயிலை. மூன்றாவது டப்பாவைத் திறந்தால் சிவப்புச் சிவப்பாய்ச் சருகு, காய்ந்த ஆப்பிள் துண்டு, ஆரஞ்சுத் தோல். பூஜை அறையில் சேர்ந்த காய்ந்த பூக்களைப் பொட்டலம் கட்டி வைத்தது மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டு டீ எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பாதி பால், பாதி தண்ணீர், தட்டின இஞ்சி, ஆளுக்கு ஒரு ஸ்பூன் தூள். மூன்று தடவை பொங்கி அடங்க வேண்டும். டம்ளரில் பார்த்தால் செங்கல் நிறத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் "கழுநீரா?" என்று கேட்பார்.

அதே மாதிரி எர்ல் கிரேயைக் காய்ச்சினேன். அடுப்படி முழுக்க அப்படி ஒரு வாசனை, எதிர்வீட்டுக்கே போயிருக்கும். டம்ளரில் ஒன்றுமே இல்லை. கசப்பு மட்டும்.

சிவப்புச் சருகைப் பாலில் போட்டதும் திரிந்துவிட்டது. பால்தான் கெட்டுவிட்டது என்று மறுநாள் காலையில் பால்காரரை வாசலில் நிறுத்தி ஒரு பிடி பிடித்தேன். அவர் பாவம், "தங்கச்சி வீட்டுக்கும் இதே பால்தாம்மா ஊத்தினேன்" என்கிறார். அன்றைக்குச் சாயங்காலம் வேறு பாலில் போட்டேன். அதுவும் திரிந்தது. அப்போதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது.

மல்லிகை டீயைப் பால் இல்லாமல், தண்ணீரில் மட்டும் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டேன். வாயில் வைத்ததும் நாக்கு பாக்கு மென்ற மாதிரி இழுத்துக்கொண்டது. வாசனையும் மொட்டு வாசனை இல்லை. ராத்திரி தலையில் வைத்துத் தூங்கி, காலையில் எடுத்துப்போடுகிற பூவின் வாசனை. மதுரைக்காரி நான், எனக்குத் தெரியாதா அது.

தப்பு என்னுடையதா, தேயிலையுடையதா? வெப்பமானி, கண்ணாடிக் கூஜா எல்லாம் என்னிடம் இல்லை. பால் வடிகட்டியும் சில்வர் பாத்திரமும்தான். இதை வைத்து இந்த டீயைக் குடிக்க வழி இருக்கிறதா?

டீக்கடை பெஞ்ச்:

அம்மா, மூணு டப்பாவையும் யாருக்காவது கல்யாண மொய்யாக வைத்துவிட்டு முக்குக் கடையில் ஒரு ஸ்ட்ராங் டீ குடிங்க. டீ என்றால் ஆற்றும்போது நுரை நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய குன்னூர்:

மேலே இருப்பவரைக் கண்டுகொள்ளாதீர்கள். உங்களுக்கு மூக்கு இருக்கிறது, அதுதான் பெரிய விஷயம். நான் நீலகிரியில் தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருடம் வேலை பார்த்தவன். "நேற்றுப் பூ வாசனை" என்று எழுதினீர்களே, அந்த மாதிரி சட்டென்று சொல்ல சாம்பிள் குடிக்கிறவர்களுக்கே சில வருடம் ஆகும்.

முதலில் பால்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். உங்கள் சிவப்புச் சருகு அநேகமாகச் செம்பருத்தி இனத்தில் ஒரு செடி. நாம் புளிச்சகீரை என்று கடைகிறோமே, அதற்கு நெருங்கிய சொந்தம். அந்தப் புளிப்புதான் பாலைத் திரித்தது. அந்த டப்பாவில் தேயிலையே இருக்காது, லேபிளில் பாருங்கள். பழச்சருகு, பூ, வாசனை எசன்ஸ், அவ்வளவுதான். அதைக் கொதிநீரில் எட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்தாலும் கசக்காது. ஆனால் பால் மட்டும் கிட்டே வரக்கூடாது.

எர்ல் கிரே கதை வேறு. அது சாதாரணக் கறுப்புத் தேயிலைதான். பெர்கமாட் என்ற ஒரு வகை எலுமிச்சையின் தோல் எண்ணெயை அதில் ஏற்றுகிறார்கள். பழம் பெரும்பாலும் இத்தாலியின் தெற்கு முனையில் உள்ள கலாப்ரியாவில் விளைகிறது. 1830 முதல் 1834 வரை இங்கிலாந்துப் பிரதமராக இருந்த கிரே பிரபுவின் பெயர் எப்படியோ இதற்கு ஒட்டிக்கொண்டது. இலைமேல் இருக்கிற எண்ணெய் சூட்டில் ஆவியாகப் பறக்கிற சாதி. நீங்கள் மூன்று பொங்கு பொங்கவிட்டதில் வாசனை எதிர்வீட்டுக்குப் போய்விட்டது, கசப்பு உங்களுக்கு மிஞ்சியது. நியாயம்தானே?

நாம் வீட்டில் போடும் தூள் சி.டி.சி. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி மணி மணியாக ஆக்கியது. பால், இஞ்சி, சர்க்கரை எல்லாவற்றையும் தாண்டி நிறமும் காரமும் வர வேண்டும் என்றே செய்தது. அதைக் காய்ச்சுவதில் தப்பே இல்லை. முழு இலையைக் காய்ச்சக் கூடாது, ஊறத்தான் வைக்க வேண்டும்.

செய்முறை சொல்கிறேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணையுங்கள். எர்ல் கிரே என்றால் ஒரு டம்ளருக்கு ஒரு டீஸ்பூன் இலை, கொதித்த தண்ணீரை ஊற்றித் தட்டு போட்டு மூடி மூன்று நிமிடம். மூடுவது முக்கியம். மூடின தட்டைத் திருப்பி முகர்ந்து பாருங்கள், டீயைவிட அதில் வாசனை தூக்கும். அப்புறம் வடிகட்டிவிடுங்கள், இலையைத் தண்ணீரிலேயே விட்டுவைக்காதீர்கள்.

மல்லிகைப் பச்சைத் தேயிலைக்குக் கொதிநீர் ஆகாது, 80 டிகிரி போதும். வெப்பமானி வேண்டாம். மூன்று பங்கு கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு பச்சைத் தண்ணீரை ஊற்றுங்கள். மதுரைக் குடத்துத் தண்ணீர் 30 டிகிரி இருக்குமா? கணக்குப் போட்டால் 82 வரும். பாத்திரம் கொஞ்சம் சூட்டைக் குடித்துக்கொள்ளும், ஆகச் சரியாக 80. அதில் இரண்டு நிமிடம். கசந்தால் அடுத்த தடவை நேரத்தைக் குறையுங்கள், இலையைக் குறைக்காதீர்கள். வடிகட்டின இலையைத் தூக்கிப் போடாமல் இன்னொரு தடவை ஊற்றலாம். சில நல்ல இலைகளுக்கு இரண்டாவது தண்ணிதான் ருசி.

(குன்னூரில் நாங்கள் இந்தக் கணக்குப் பார்ப்பதில்லை. ஊர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம், தண்ணீர் கொதிப்பதே 94 டிகிரியில். மலை பாதி வேலையைச் செய்துவிடும்.)

தொழிற்சாலையில் இப்படிப் பதமாகக் குடிக்க மாட்டோம். சோதிக்கும்போது 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம், 6 நிமிடம். வேண்டுமென்றே கடுப்பாக இறக்கி, கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சித் துப்புவோம். குறை இருந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த உறிஞ்சலை மட்டும் வீட்டில் செய்து பாருங்கள். காற்றோடு சேர்ந்து போனால்தான் வாசனை மூக்குக்குப் பின்னால் ஏறும். விருந்தாளி இருந்தால் வேண்டாம்.

கடைசியாக, எந்தத் தண்ணீரில் போட்டீர்கள்? டப்பாக்களை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

வைகைக்கரை அம்மா:

ஐயா, ரொம்ப நன்றி. தண்ணீர் எங்கள் வீட்டு போர் தண்ணி. டப்பாக்கள் அஞ்சறைப்பெட்டிக்கு மேல்தட்டில், பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில். ஏன் கேட்கிறீர்கள் என்று பயமாக இருக்கிறது.

பழைய குன்னூர்:

பயம் சரிதான். தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசனையைக் குடிக்கும். மல்லிகை டீ செய்ய முடிவதே அந்தக் குணத்தால்தான். பெருங்காயம் இருந்தால் அதையும் குடிக்கும், அதற்குத் தராதரம் தெரியாது. என் தங்கை வீட்டில் அரைக்கிலோ நல்ல தேயிலையைச் சந்தன சோப்பு அடுக்கின பெட்டியில் வைத்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துக் குடித்தால் குளியலறையில் உட்கார்ந்து குடிப்பது போலிருந்தது.

போர் தண்ணி உப்பும் சுண்ணாம்பும். டீ மேல் எண்ணெய்ப் படலம் மாதிரி ஆடை நிற்கிறதா? அது சுண்ணாம்பின் வேலை. குழாயில் வருகிற நல்ல தண்ணீரையோ கேன் தண்ணீரையோ பயன்படுத்திப் பாருங்கள்.

சாயத்தண்ணி:

அக்கா, நான் இலங்கை, ஹட்டன் பக்கம். அம்மா கொழுந்து பறித்தவர். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வெறும் டீக்குப் பெயர் சாயத்தண்ணி, பால் இல்லாமல்தான் குடிப்போம். சீனியைத் தேத்தண்ணியில் கலக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்பது ஒரு பழக்கம். அப்படிக் குடித்தால் தேயிலையின் ருசி தனியாக, இனிப்பு தனியாகத் தெரியும். உங்கள் வீட்டுக்காரருக்கு முதல் தடவை இப்படிக் கொடுத்துப் பாருங்கள், கற்கண்டு என்றாலும் சரி. பால் டீ குடித்த நாக்குக்கு வெறும் டீ திடீரென்று பிடிக்காது.

எனக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். மாம்பழ டீ, சாக்லேட் டீ, கேரமல் டீ என்று கடைகளில் வருபவற்றில் பல, சுமாரான இலையின்மேல் எசன்ஸைத் தெளித்தவை. டப்பாவைத் திறந்ததும் மூக்கில் அறையும், வாயில் வைத்தால் ஒன்றும் இராது. அதற்குப் பணம் கொடுப்பதைவிட நல்ல வெறும் தேயிலையை வாங்கி, ஊறும்போது இரண்டு ஏலக்காயையோ இஞ்சித் துண்டையோ போடலாம். காஷ்மீரில் பச்சைத் தேயிலையோடு குங்குமப்பூ, ஏலம், பட்டை போட்டுப் பாதாம் தூவிக் குடிக்கிறார்களே, கஹ்வா, அதுவும் வாசனைத் தேயிலைதான். வீட்டிலேயே கலப்பதால் யாரும் ஏமாற்ற முடியாது.

மொட்டுப்பந்தல்:

மதுரையில் இருந்துகொண்டு டப்ளின் வழியாக மல்லிகை டீ வாங்குவதைப் பார்க்கச் சிரிப்பு வருகிறது அம்மா. சீனாவில் மல்லிகை டீக்குப் போடும் பூவும் நம் குண்டுமல்லி இனமேதான். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கின மதுரை மல்லியும் அந்தக் குடும்பம்தான்.

அங்கே செய்கிற முறை இது. புஜியான் மாகாணத்தின் புஜோ நகரம் இதற்குப் பேர் போனது. வசந்தத்தில் பறித்த பச்சைத் தேயிலையைப் பூக்காலம் வரும்வரை வைத்திருப்பார்கள். பூவை மத்தியானத்துக்குமேல் மொட்டாகப் பறிப்பார்கள். இருட்டினதும் மொட்டு அவிழுமே, அப்போது தேயிலையோடு கலந்து ராத்திரி முழுக்க வைத்து, விடிவதற்குள் சலித்துப் பூவைத் தனியே எடுத்துவிடுவார்கள். தேயிலை வாசனையோடு பூவின் ஈரத்தையும் குடித்திருக்கும், அதனால் மறுபடி உலர்த்த வேண்டும். அடுத்த ராத்திரி புதுப்பூ. நல்ல ரகத்துக்கு இப்படிப் பல ராத்திரி. அதனால் டப்பாவில் காய்ந்த பூ நிறையக் கிடந்தால் உசத்தி என்று அர்த்தமில்லை, அது பெரும்பாலும் கண்ணுக்கு.

நான் வீட்டில் செய்து பார்த்தேன். முதல் தடவை கெட்டுப்போனது. 50 கிராம் நீலகிரிப் பச்சைத் தேயிலையில் பூவைப் போட்டு மூடிவிட்டு, மறுநாள் மத்தியானம்தான் ஞாபகம் வந்தது. பூ பழுப்பேறி, நீங்கள் சொன்ன அதே வாடை. போதாததற்குச் சரியாக உலர்த்தாமல் டப்பாவில் அடைத்தேன், பத்து நாளில் பூஞ்சணம். இரண்டாவது தடவை ராத்திரி எட்டு மணிக்குக் கலந்து காலை ஐந்துக்கு எழுந்து பூவைப் பொறுக்கினேன். கனமான வாணலியை லேசாகச் சுடவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே இலை மொரமொரப்பாகும்வரை பிரட்டினேன். மூன்று ராத்திரி. நான்காம் நாள் குடித்தது டப்பா டீ மாதிரி தூக்கலாக இல்லை, ஆனால் மொட்டு வாசனை.

ஒன்று மட்டும் கவனம். மார்க்கெட் பூவில் செய்யாதீர்கள். அது தலைக்கும் சாமிக்கும் வளர்த்த பூ, பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். மருந்து அடிக்காத வீட்டுச் செடிப் பூ மட்டும்.

வைகைக்கரை அம்மா:

பத்து நாள் ஆகிவிட்டது, என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எர்ல் கிரே மூன்று நிமிடம், மூடி வைத்து, கேன் தண்ணீரில். தட்டைத் திருப்பி முகர்ந்ததும் எங்கேயோ தெரிந்த வாசனையாக இருக்கிறதே என்று யோசித்தேன். அம்மா வீட்டுக் கிணற்றடியில் நார்த்தை மரம் இருந்தது, அதன் இலையைக் கசக்கினால் கிட்டத்தட்ட இப்படித்தான். என்னால் இனி அதை இங்கிலாந்து டீ என்று நினைக்க முடியாது.

மல்லிகையில் குன்னூர் ஐயா சொன்ன மூன்றுக்கு ஒன்று கணக்கு பலித்தது. கசப்பே இல்லை. நேற்றுப் பூ வாடையும் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் கால்வாசி டப்பாவின் குறை என்றே நினைக்கிறேன், நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இரண்டாவது தண்ணியில் பூ குறைந்து இலையின் இனிப்பு தெரிந்தது.

சிவப்புச் சருகை ராத்திரி ஊறவைத்து, பனங்கற்கண்டு போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். சித்திரை வெயிலில் வெளியே போய்விட்டு வந்த வீட்டுக்காரர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு "ரோஸ் மில்க்கில் பாலை மறந்துட்டியா?" என்றார். மற்ற இரண்டையும் அவர் தொடவில்லை. கற்கண்டை மட்டும் தின்றுவிட்டு டம்ளரை நகர்த்தி வைத்தார். அவருக்குச் செங்கல் நிறம்தான், விட்டுவிட்டேன்.

பால்காரரிடம் சொன்னேன். "அதான் நான் சொன்னேன்ல" என்று மூன்று நாளாக ஒவ்வொரு காலையும் சொல்கிறார்.

மொட்டுப்பந்தல் தம்பிக்கு: மாடியில் இரண்டு தொட்டி மல்லி இருக்கிறது, மருந்து கிடையாது. இன்றைக்கு இருபத்திரண்டு மொட்டு. தராசில் வைத்தால் ஐந்து கிராம்கூட வரவில்லை. அதனால் பத்து கிராம் இலையோடுதான் ஆரம்பித்திருக்கிறேன், ஊறுகாய் ஜாடியில். (புது ஜாடி ஐயா, பெருங்காயம் எட்டிப் பார்க்காதது.) ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்தேன். எல்லாம் விரிந்திருந்தது. காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.