இதழியல் படிக்கலாமா? குடும்பக் குழுவில் பேசியது

பெரியப்பா: கயல் இதழியல் பட்டப்படிப்பில் சேரப்போகிறாளாமே? பத்திரிகைகள் பக்கத்தையும் ஆட்களையும் குறைத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் இது சரியா வருமா? மல்லிகா, அந்தத் துறையில் இருக்கிற நீதான் சொல்ல வேண்டும்.

மல்லிகா அத்தை: அச்சுப் பத்திரிகை வேலை குறைந்தது உண்மைதான் அண்ணா. ஆனால் அவள் அச்சை மட்டும் நம்பிப் படிக்கப் போவதில்லை.

கயல்: எனக்கு ஓரளவு எழுத வரும் அத்தை. அங்கே புதிதாக என்ன சொல்லித் தருவார்கள்?

மல்லிகா அத்தை: எழுத்து பாதிதான். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்ப்பது, ஆவணத்தைத் தேடி எடுப்பது, அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்காமல் எழுதுவது, இதெல்லாம் பழகித்தான் வரும். அதனால் சேருமுன் கேள், மாணவர்களே நடத்தும் பத்திரிகையோ வானொலியோ அங்கே இருக்கிறதா என்று. அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகம் 1908-இல் இதழியல் பள்ளியைத் தொடங்கியபோதே மாணவர்கள் செய்தி சேகரிக்கும் நாளிதழையும் தொடங்கிவிட்டது. மதிப்பெண்ணுக்கு எழுதும் கட்டுரையில் ஒரு பெயர் தப்பினால் ஒன்றுமில்லை. அச்சில் தப்பினால் அந்த ஆளே போன் போட்டுக் கேட்பார்.

செந்தில் அண்ணன்: பட்டம் இல்லாமலும் சாதிக்கலாமே. அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழலை எழுதிய நிருபர் கார்ல் பெர்ன்ஸ்டைன் கல்லூரியை முடிக்கவே இல்லை.

மல்லிகா அத்தை: சரிதான் செந்தில். ஆனால் அவர் 16 வயதிலேயே செய்தித்தாள் அலுவலகத்தில் எடுபிடியாகச் சேர்ந்தவர். அந்த வாசல் இன்று திறப்பது அரிது. படிக்கும்போதே பயிற்சிப் பணிக்குப் போய், தன் பெயரில் வெளியான செய்திகளைச் சேர்த்து வைக்க வேண்டும். வேலை கேட்டுப் போனால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பெரியப்பா: அப்புறம் என்ன வேலை கிடைக்கும்?

மல்லிகா அத்தை: நிருபர், துணையாசிரியர், தொலைக்காட்சித் தயாரிப்பாளர் என்பது உங்களுக்கே தெரியும். உண்மை சரிபார்ப்பு, பாட்காஸ்ட் எல்லாம் பிறகு வந்தவை. எனக்கு அதிக ஆசை தரவு இதழியல் மேல்தான், அதாவது எண்களையும் கோப்புகளையும் கணினியில் அலசிச் செய்தி எடுப்பது. வெளிநாட்டு நிறுவனங்கள் வழியாகச் சொத்தை மறைத்தவர்கள் பற்றிக் கசிந்து 2016-இல் வெளியான பனாமா ஆவணங்களில் 1 கோடியே 15 லட்சம் கோப்புகள். மனிதர் உட்கார்ந்து புரட்டி முடிகிற காரியமா? கணினி நிரல் எழுதத் தெரிந்தவர்கள் நிருபர்களோடு சேர்ந்ததால்தான் முடிந்தது. கணக்கில் கெட்டியான நிருபர்கள் குறைவு, கயலுக்கோ கணக்கு நன்றாக வரும்.

செந்தில் அண்ணன்: மக்கள் தொடர்புத் துறைக்கும் போகலாமா அத்தை?

மல்லிகா அத்தை: நிறைய பேர் போகிறார்கள், சம்பளமும் பெரும்பாலும் அங்கேதான் கூட. ஆனால் அங்கே நிறுவனத்துக்காக எழுதுகிறோம், வாசகருக்காக இல்லை. அதைத் தெரிந்துகொண்டு போனால் தப்பில்லை.

கயல்: அப்படியென்றால் துணைப்பாடமாகப் புள்ளியியல் எடுக்கட்டுமா?

மல்லிகா அத்தை: கட்டாயம் எடு.

பெரியப்பா: விண்ணப்பம் எப்போது முடிகிறது கயல்?

கயல்: வெள்ளிக்கிழமை பெரியப்பா. மாணவர் பத்திரிகை பற்றி நாளைக்கே துறையில் கேட்கிறேன்.