செயற்கை நுண்ணறிவு வந்த பின் அலுவலகத்தில் இளையோரைப் பழக்குவது எப்படி?

கேள்வி: கோணமலைக் கணக்காளர்

வணக்கம். திருகோணமலை நகரில் சிறிய கணக்கியல் அலுவலகம் ஒன்றைப் பதினெட்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நிலாவெளி, உப்புவெளி விருந்தினர் விடுதிகள், தம்பலகாமத்து அரிசி ஆலைகள், கிண்ணியாக் கடைகள், சில மீன்பிடிப் படகு உரிமையாளர்கள் ஆகியோரே எங்கள் வாடிக்கையாளர்கள். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படித்த நான்கு பிள்ளைகள் என்னிடம் வேலை பழகுகிறார்கள். பற்றுச்சீட்டுகளை வகைப்படுத்தவும், நம் ஏட்டையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிடும் வங்கி இணக்கக் கூற்றுத் தயாரிக்கவும், கடன் விண்ணப்பங்களுக்கான அறிக்கைகளை எழுதவும் கடந்த ஆண்டிலிருந்து செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துகிறோம். மூன்று நாள் எடுத்த வேலை ஒரு முற்பகலில் முடிகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சியே.

ஆனால் சென்ற மாதம் நடந்த ஒன்று என்னை உறங்கவிடவில்லை. நிலாவெளி விடுதி உரிமையாளர் ஒருவரின் கடன் விண்ணப்பத்துக்கான அறிக்கையை எங்கள் பிள்ளை ஒருவர் கருவியின் துணையோடு எழுதினார். நடை தெளிவாக இருந்தது. ஆனால், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையால் பயணிகள் குறைவார்கள் என்றும், டிசம்பர் முதல் மார்ச் வரையே வருமானம் உயரும் என்றும் அதில் எழுதியிருந்தது. காலிக்கும் ஹிக்கடுவைக்கும் அது பொருந்தும். நமக்கோ நேர்மாறு: கச்சான் என்னும் அந்தத் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில்தான் நம் கடல் அமைதியாக இருக்கும், விடுதிகளும் நிரம்பும், வடகீழ்ப் பருவமான வாடைக் காலத்தில் மழையும் கொந்தளிப்புமாகக் கரை வெறிச்சோடிவிடும். அந்தப் பிள்ளை பிறந்து வளர்ந்ததே நிலாவெளியில்தான். அறிக்கை வங்கிக்குப் போவதற்கு முன் நான் பார்த்துத் திருத்தினேன்.

நான் வேலை பழகிய காலத்தில் அன்றாடக் கொடுக்கல் வாங்கலைப் பதியும் நாளேட்டிலிருந்து, கணக்கு வாரியாகப் பிரித்துப் பதியும் பேரேட்டுக்குக் கையால் எழுதி எழுதியே ஒரு தொகையைப் பார்த்தவுடன் அது சரியா என்று உணரும் பழக்கம் வந்தது. அந்தச் சின்ன வேலைகளையெல்லாம் இப்போது கருவி செய்துவிடுகிறது. அப்படியானால் இந்தப் பிள்ளைகளுக்கு அந்த உணர்வு எங்கிருந்து வரும்? கருவியை ஒதுக்கிவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அதனுடன் வேலை செய்துகொண்டே மனிதத் திறனை வளர்க்க உங்கள் பணியிடங்களில் என்ன செய்கிறீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

பதில் 1: ஓய்வு பெற்ற வங்கி உத்தியோகத்தர், உவர்மலை

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் ஓரிடத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. கையால் எழுதியதா நமக்குக் கற்றுத்தந்தது? நான் கடன் பிரிவில் சேர்ந்தபோது என் மேலதிகாரி எந்தக் கோப்பையும் பிழை என்று சொல்லித் திருப்பமாட்டார். ஒரு தொகையில் விரலை வைத்து, "இது எப்படி வந்தது?" என்று மட்டும் கேட்பார். விடை சொல்ல முடியாமல் நின்ற நாட்களே என்னை உருவாக்கின. பேரேடு போனாலும் அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கலாம்.

கருவியிடம் ஒரு வேலையைக் கொடுப்பதற்கு முன், தாம் எதிர்பார்க்கும் விடையைப் பிள்ளைகள் ஒரு தாளில் மூன்று வரியில் எழுதட்டும். எந்த மாதத்தில் வருமானம் உயரும், ஏறத்தாழ எவ்வளவு வரி கட்ட வேண்டிவரும் என்பவை போதும். எழுதிவைத்த எதிர்பார்ப்பு இருந்தால்தான் அதற்கு மாறான விடை கண்ணில் உறுத்தும். வரி உள்ளடங்கலாக 118,000 ரூபாய் என்று ஒரு விலைப்பட்டியல் வந்தால், அதில் விலை 100,000 ரூபாய், அதற்கான 18% பெறுமதி சேர் வரி 18,000 ரூபாய். முழுத் தொகையிலும் 18% கணக்கிட்டு 21,240 ரூபாய் என்று ஒரு விடை வருமானால், முன்கூட்டி மனத்தால் கணக்கிட்டவர் மட்டுமே அந்த இடத்தில் நிற்பார்.

மற்றது, அவர்களை அலுவலகத்துக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவுகளைக் கழித்த பிறகே படகு உரிமையாளரும் தொழிலாளரும் வருமானத்தைப் பங்கிடும் வழக்கத்தை எந்தப் பற்றுச்சீட்டும் சொல்லாது. விடியற்காலையில் கரைக்குப் போய் ஒரு படகின் கணக்கைக் கேட்டு வந்த பிள்ளைக்கு அந்தப் பேரேடு வேறு விதமாகத் தெரியும்.

பதில் 2: மருத்துவமனை உத்தியோகத்தர்

கணக்கியல் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் துறையில் 2025 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பொருந்தும். போலந்தில் நான்கு மருத்துவ நிலையங்களில், பெருங்குடலை அகநோக்கியால் பரிசோதித்துப் பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகளைத் தேடும் 19 மருத்துவர்களின் பணி ஆராயப்பட்டது. செயற்கை நுண்ணறிவு அறிமுகமாவதற்கு முன் அவர்கள் பரிசோதித்தவர்களில் 28.4 சதவீதத்தினரிடம் அத்தகைய கட்டிகள் கண்டறியப்பட்டன. கருவி வழக்கத்துக்கு வந்த பின், அதன் துணையின்றிச் செய்த பரிசோதனைகளில் அந்த வீதம் 22.4 ஆகக் குறைந்தது. அவர்கள் ஒவ்வொருவரும் 2,000க்கும் மேற்பட்ட பரிசோதனைகளைச் செய்து அனுபவம் பெற்றவர்கள். இது நடந்தவற்றை அவதானித்து மட்டும் செய்த ஆய்வு என்பதால், குறைவுக்குக் கருவி மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிட முடியாது. இருந்தாலும் எனக்கு ஒன்று தோன்றுகிறது: நீங்கள் பிள்ளைகளைப் பற்றி மட்டும் கேட்கிறீர்கள், உங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அறிக்கையின் பிழையை இன்று கண்டுபிடித்த உங்கள் கண் ஐந்து ஆண்டுகளின் பின்னும் அதே கூர்மையோடு இருக்க வேண்டுமானால், மாதத்தில் சில கோப்புகளையாவது நீங்களும் கருவியின்றிச் செய்ய வேண்டும்.

பதில் 3: பயிலுநர், கிண்ணியா

ஐயா, நானும் உங்கள் அலுவலகத்தைப் போன்ற ஓரிடத்தில் இரண்டு ஆண்டுகளாக வேலை பழகுபவள். வயதில் மூத்தவர்களுக்கிடையே பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருவி எங்களைக் கெடுக்கிறது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களைக் கொண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் செய்து 2023 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கருவியின் உதவியால் ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்பட்ட பிரச்சினைகள் சராசரியாக 14% கூடின. புதியவர்களிடமும் திறன் குறைந்தவர்களிடமும் அது 34% ஆக இருந்தது. மூத்தவர்களின் நல்ல பழக்கங்களைக் கருவி புதியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதே அவர்கள் தந்த விளக்கம். சிங்களத்தில் வரும் கடிதங்களைக் கண்டு அஞ்சிய நான் இப்போது அவற்றை விளங்கிக்கொண்டு, அடுத்த மேசையில் இருக்கும் அக்காவிடம் சிங்களத்திலேயே சந்தேகம் கேட்கிறேன். அந்தத் துணிவும் கருவியால் வந்ததுதான்.

நிலாவெளிப் பிள்ளையிடம், பருவத்தைப் பற்றிய அந்த வாக்கியத்தைக் கவனித்தாரா என்று கேட்டீர்களா? கவனித்திருப்பார் என்றே நினைக்கிறேன். அவ்வளவு உறுதியான மொழியில் ஒன்று எழுதப்பட்டிருக்கும்போது, நம் ஊரில் நமக்குத் தெரிந்ததெல்லாம் அலுவலகத்துக்கு உதவாத அறிவு என்று எங்களுக்குத் தோன்றிவிடுகிறது. பாடசாலையிலும் குறிப்பில் இருப்பதற்கு மாறாகப் பேசி நாங்கள் பழகவில்லை. "இது நம் இடத்துக்குப் பொருந்தாது" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, அவர் சொன்னது தவறாக இருந்தாலும், முகம் கோணாமல் கேட்கும் ஒருவர் எங்களுக்கு வேண்டும்.

மீண்டும்: கோணமலைக் கணக்காளர்

மூவருக்கும் நன்றி. கிண்ணியாத் தங்கையின் கேள்வியைப் படித்துவிட்டு இன்று காலை அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, கவனித்ததாகவும், வங்கிக்கு இப்படித்தான் எழுத வேண்டும் போலும் என்று எண்ணி விட்டுவிட்டதாகவும் சொன்னார். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு பயிலுநரிடமும் அவருடைய ஊரைப் பற்றி நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை முதல் மூன்று வரிக் குறிப்பைத் தொடங்குகிறோம். ஒவ்வொரு வெள்ளியும் கருவி எழுதிய அறிக்கை ஒன்றை எல்லோரும் சேர்ந்து உரக்க வாசித்து, பொருந்தாத இடத்தில் நிறுத்துவது என்றும் முடிவு செய்திருக்கிறோம். முதல் வாசிப்புக்கு நிலாவெளிப் பிள்ளையே அறிக்கையைத் தெரிவு செய்கிறார். படகுக் கணக்குக் கேட்கக் கரைக்குப் போகும் நாளை மட்டும் இன்னும் குறிக்கவில்லை. வாடை ஓய்ந்து கடல் அடங்கட்டும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.