1971 ராக் ஆல்பங்கள்: பரிசாகக் கொடுக்கும்போது எங்கே சறுக்குகிறது?

விடுமுறைக் காலம் நெருங்கினால் "ராக் கேட்கிறவருக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். இந்த முறை ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொள்வோம்: 1971. லெட் செப்பலின் நான்காவது ஆல்பம், தி ஹூவின் 'ஹூஸ் நெக்ஸ்ட்', ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்', பிங்க் ஃபிளாய்டின் 'மெடில்', ஜெத்ரோ டல்லின் 'ஆக்வாலங்', பிளாக் சப்பாத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி', டோர்ஸின் 'எல்.ஏ. வுமன்', ஜானிஸ் ஜாப்ளினின் 'பேர்ல்'... ஒரே வருடத்தில் இத்தனை. எது உயர்ந்தது என்ற சண்டையை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். எந்தப் பதிப்பை வாங்குவது, எதில் ஏமாறுவார்கள், எப்படிக் கட்டிக் கொடுப்பது என்று கைப்பட அறிந்ததை மட்டும் எழுதுங்கள்.

⁂

ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் வாங்கிக்கொள்பவரிடம் எந்தக் கருவி இருக்கிறது என்று பாருங்கள். பரிசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

பெட்டி மாதிரி மூடித் திறக்கிற, ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கிற மலிவு இசைத்தட்டு பிளேயர்கள் பலவற்றில் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் (ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பகுதி) இருக்கும். ஊசி 4 முதல் 6 கிராம் வரை அழுத்தும். நல்ல டர்ன்டேபிளில் காந்த கார்ட்ரிட்ஜ், அழுத்தம் சுமார் 2 கிராம். ஸ்பீக்கரும் தட்டும் ஒரே பெட்டியில் இருப்பதால் பேஸ் அடிக்கும்போது பெட்டியே அதிரும், ஊசி துள்ளும். 'மெடில்' முதல் பாட்டு 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' முழுக்க பேஸ் கிட்டார்தான். அப்படிப்பட்ட பிளேயரில் அது துள்ளினால் தட்டைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். தட்டில் ஒரு குறையும் இருக்காது.

இன்னொன்று, ஃபோனோ ப்ரீஆம்ப்: கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கிச் சீர்செய்யும் பகுதி. டர்ன்டேபிளிலோ ஆம்ப்ளிஃபயரிலோ அது உள்ளே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். இல்லாமல் நேராக ஆக்ஸ் துளையில் செருகினால் சத்தம் மிகக் குறைவாக, பேஸே இல்லாமல் தகரம் போல வரும். ப்ரீஆம்ப் இல்லாத ஒருவருக்கு ஆல்பத்தோடு சின்ன ப்ரீஆம்ப் ஒன்றும் சேர்த்துக் கொடுத்தால், அந்த ஆல்பத்தை அவர் உண்மையிலேயே கேட்பார்.

பிளேயரே இல்லாதவருக்கு எல்பி (இசைத்தட்டு) வேண்டாம், சிடி கொடுங்கள். எல்பியையும் மலிவு பிளேயரையும் ஜோடியாகக் கட்டிக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

⁂

லெட் செப்பலின் பற்றி. 1971 நவம்பர் 8 அன்று வந்தது. உறையில் குழுவின் பெயரும் கிடையாது, ஆல்பத்தின் பெயரும் கிடையாது. உள்ளே நான்கு குறியீடுகள் மட்டும். அதனால் கடைப் பட்டியல்களில் 'லெட் செப்பலின் 4', 'பெயரிடாதது', 'ஸோஸோ' என்று மூன்று நான்கு விதமாகக் கிடக்கும். எல்லாம் ஒன்றுதான். வேறு வேறு என்று நினைத்து இரண்டு பேர் ஒரே ஆளுக்கு இதையே வாங்கிக் கொடுப்பது அடிக்கடி நடக்கிற கூத்து.

2014 மறுவெளியீடு ஜிம்மி பேஜ் மேற்பார்வையில் வந்தது. அதில் ஒற்றைத் தட்டும் உண்டு, கூடுதல் தட்டோடு வரும் டீலக்ஸும் உண்டு. கூடுதல் தட்டில் புதுப் பாட்டு ஒன்றும் இல்லை. அதே எட்டுப் பாட்டுகளின் மாற்றுக் கலவைகள் (மிக்ஸ்). முதல்முறை கேட்பவருக்கு ஒற்றைத் தட்டு போதும். ஒவ்வொரு சுரமும் மனப்பாடமான ஆளுக்குத்தான் டீலக்ஸ்.

இனி முக்கியமான விஷயம். 'ஸ்டெர்வே டு ஹெவன்' முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. எட்டு நிமிடம், முடிவில்தான் உச்சம். தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே வினாடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் (ஒலி பதிந்த கோடு) ஓடும், லேபிள் பக்கம் வரும்போது அது சுமார் 21 செ.மீ. ஆகிவிடும். அதே ஒலி அலை பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். கூம்பு முனை ஊசியால் அதைச் சரியாகத் தொடர முடியாது. 'ச', 'ஷ' ஒலிகள் கரகரக்கும். 'ஹூஸ் நெக்ஸ்ட்' இரண்டாம் பக்கத்திலும் இதே கதை. 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' எட்டரை நிமிடம் ஓடி, அந்தப் பெயர்போன அலறல் உள்வட்டத்துக்குப் பக்கத்தில் வந்து விழுகிறது. நீள்வட்ட முனை ஊசி இருந்தால் கரகரப்பு கணிசமாகக் குறையும். டர்ன்டேபிள் வைத்திருப்பவருக்கு, அவருடைய கார்ட்ரிட்ஜின் மாடல் எண்ணை முன்கூட்டியே விசாரித்து ஒரு மாற்று ஊசியும் சேர்த்துக் கொடுப்பது என் பார்வையில் இந்த இழையின் சிறந்த பரிசு யோசனை.

⁂

'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' வாங்குகிறவர்களுக்கு: அசல் உறையில் நிஜமான ஜிப் உண்டு. 1971-இல் கட்டுக்கட்டாக அடுக்கி அனுப்பியபோது ஒன்றின் ஜிப் மேலே இருந்த தட்டை அழுத்தி, இரண்டாம் பக்கத்தில் 'சிஸ்டர் மார்ஃபின்' பாட்டின் மேல் பள்ளம் விழுந்தது. தீர்வு எளிமையானது: ஜிப்பைப் பாதி இறக்கிவிட்டு அனுப்பினார்கள். இழுப்பான் தட்டின் நடுவில், லேபிளுக்கு மேலே வந்துவிடும். அங்கே அழுத்தினால் பாட்டுக்கு ஆபத்தில்லை.

இன்றும் அதே விதிதான். 2015 மறுவெளியீட்டின் சில பதிப்புகளில் ஜிப் இருக்கிறது, மற்றவற்றில் வெறும் படம்தான். ஜிப் உள்ளதைக் கட்டும்போது பாதி இறக்கிவிடுங்கள், மேலே ஒரு கெட்டி அட்டை வையுங்கள். அலமாரியில் பக்கத்து ஆல்பத்தின் உறையை அது தேய்க்கும் என்பதையும் வாங்கிக்கொள்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்பெயின் பதிப்பு கிடைத்தால் குழம்பாதீர்கள். உறையில் டப்பாவிலிருந்து நீளும் விரல்கள். 'சிஸ்டர் மார்ஃபின்' இருக்கவேண்டிய இடத்தில் 'லெட் இட் ராக்'. போலி அல்ல. சேகரிப்பவருக்கு அது கொண்டாட்டம், பாட்டு கேட்கிறவருக்கு ஏமாற்றம்.

⁂

பாட்டுப் பட்டியல் மாறுவது அதோடு நிற்கவில்லை. டீப் பர்ப்பிளின் 'ஃபயர்பால்': பிரிட்டன் பதிப்பில் 'டீமன்ஸ் ஐ', அமெரிக்கப் பதிப்பில் அதற்குப் பதில் 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்'. பின்னட்டையைப் பார்க்காமல் வாங்கவேண்டாம்.

'பேர்ல்' கொடுத்தால் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். 'பரீட் அலைவ் இன் தி புளூஸ்' பாட்டில் குரலே இருக்காது. ஜானிஸ் 1970 அக்டோபர் 4 அன்று இறந்தபோது அதற்குப் பாடிப் பதிவுசெய்திருக்கவில்லை; வாத்தியத்தோடு அப்படியே விட்டுவிட்டார்கள். 'மெர்சிடிஸ் பென்ஸ்' நேரெதிர், குரல் மட்டும், வாத்தியம் கிடையாது. இரண்டையும் பழுது என்று நினைத்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிப் பார்ப்பவர்கள் உண்டு.

⁂

ரீமாஸ்டர், ரீமிக்ஸ் இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்குவது பெரிய சறுக்கல். ரீமாஸ்டர் என்றால் ஏற்கெனவே கலந்து முடித்த ஸ்டீரியோ டேப்பை எடுத்து ஒலி அளவையும் பேஸ், ட்ரெபிளையும் சீர்செய்வது. ரீமிக்ஸ் என்றால் பல தட டேப்புக்கே போய் கிட்டார், டிரம்ஸ், குரல் என்று ஒவ்வொன்றையும் திரும்ப நிறுத்துப் போடுவது. முன்னதில் படத்தைத் துடைக்கிறார்கள், பின்னதில் ஆட்களையே இடம் மாற்றி உட்கார வைக்கிறார்கள்.

'ஆக்வாலங்' இதற்கு நல்ல உதாரணம். 1971 மார்ச்சில் வந்த அசல் கலவை மங்கல் என்ற புகார் அப்போதிருந்தே உண்டு. துணி போர்த்திய ஸ்பீக்கர் மாதிரி. 2011-இல் நாற்பதாம் ஆண்டுப் பதிப்புக்காக ஸ்டீவன் வில்சன் செய்த ரீமிக்ஸில் போர்வையை உருவியது போல கிட்டாரும் புல்லாங்குழலும் தனித்தனியாகத் தெரிகின்றன. புதிதாகக் கேட்பவருக்கு அதையே கொடுங்கள், யோசிக்கவே வேண்டாம். ஆனால் பழைய தட்டிலேயே நாற்பது வருடம் ஊறியவருக்கு ரீமிக்ஸ் கொடுத்தால் "ஏதோ இடிக்கிறதே" என்பார். அவருக்கு அசல் கலவையின் நல்ல பிரதி.

யெஸ் குழுவின் 'ஃப்ராஜைல்' ஆல்பத்துக்கும் வில்சன் ரீமிக்ஸ் உண்டு. அது பிரிட்டனில் 1971 நவம்பர், அமெரிக்காவில் 1972 ஜனவரி. 1971 கணக்கில் சேர்க்கலாமா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், சேர்த்தாகிவிட்டது.

'ஹூஸ் நெக்ஸ்ட்' 2023 பெட்டியில் பத்து சிடியும் ஒரு ப்ளூ-ரேயும். அதைப் பரிசாக நினைப்பவர்கள், வாங்கிக்கொள்பவர் 'லைஃப் ஹவுஸ்' என்ற, இந்த ஆல்பத்துக்கு முன் தி ஹூ தொடங்கிக் கைவிட்ட ராக் ஓபரா திட்டத்தின் வரலாற்றில் மூழ்குகிறவரா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்பது சிடி உறை பிரியாமலே கிடக்கும்.

⁂

பழைய பிரதி வாங்குவோர் தரக் குறியீட்டைச் சரியாகப் படிக்க வேண்டும். 'விஜி' என்பது 'வெரி குட்'டின் சுருக்கம்தான். ஆனால் பொருள் அதற்கு நேர்மாறு. தொடர்ந்து பொரிகிற சத்தம், கண்ணுக்குத் தெரியும் கீறல்கள் இருக்கும். பரிசுக்கு 'விஜி பிளஸ்' குறைந்தபட்சம், முடிந்தால் 'நியர் மின்ட்'. உறைக்கும் தட்டுக்கும் தனித்தனியாகத் தரம் போட்டிருப்பார்கள், இரண்டையும் பாருங்கள்.

ஆல்பத்துக்கு ஆல்பம் இது மாறும். 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' போன்ற கனத்த சத்தத்தில் லேசான பொரிச்சல் காதில் விழாது. 'மெடில்' இரண்டாம் பக்கம் முழுக்க 'எக்கோஸ்' ஒன்றுதான், இருபத்துமூன்றரை நிமிடம். ஒற்றைப் பியானோ சுரம் அமைதியில் சொட்டுவதில் தொடங்குகிறது. அங்கே ஒரு தூசியும் தப்பாது. பக்கம் இவ்வளவு நீளமாக இருந்தால் பள்ளங்களை நெருக்கிவைக்க ஒலி அளவைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள். கேட்பவர் சத்தத்தைக் கூட்டும்போது பொரிச்சலும் கூடும். ஆகவே 'மெடில்' என்றால் புதுப் பிரதி அல்லது சிடி.

உள்ளே இருக்கவேண்டியவற்றையும் எண்ணிப் பாருங்கள். ஜான் லெனனின் 'இமாஜின்' முதல் வெளியீட்டில் ஒரு போஸ்டரும், அவர் பன்றியின் காதைப் பிடித்திருக்கும் அஞ்சலட்டையும் வந்தன. 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யிலும் போஸ்டர் உண்டு. 'எல்.ஏ. வுமன்' அசல் உறைக்கு முனைகள் வட்டமாக இருக்கும், நடுவில் வெட்டிய ஜன்னலில் கண்ணாடித்தாள். யாரோ கத்தரித்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அந்தத் தாள் கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

⁂

இரட்டைத் தட்டு பற்றிய ஒரு குறிப்பு. அந்தக் கால அமெரிக்க இரட்டை எல்பிகள் பலவற்றில் ஒரு தட்டில் 1, 4 பக்கங்களும் மற்றதில் 2, 3 பக்கங்களும் இருக்கும். அச்சுப் பிழை அல்ல. தட்டுகளை அடுக்கிவைத்தால் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே விழும் சேஞ்சர் கருவிகளுக்கான ஏற்பாடு அது. பழைய பிரதி வாங்கினால் இரண்டு தட்டும் ஒரே அச்சைச் சேர்ந்தவையா என்று லேபிளைப் பாருங்கள்.

கிட்டார் வாசிப்பவருக்கு ஆல்மன் பிரதர்ஸின் 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்'. 1971 மார்ச்சில் மேடையில் பதிவானது. நான்காம் பக்கம் முழுக்க 'விப்பிங் போஸ்ட்'. டுவேன் ஆல்மனின் ஸ்லைடு கிட்டாரை இதைவிட நெருக்கமாகக் கேட்க வழியில்லை.

⁂

கிட்டார்காரர்களுக்கு 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யும் பொருந்தும், ஒரு துண்டுச் சீட்டோடு: 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்', 'லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்', 'இன்டு தி வாய்ட்' பாட்டுகளில் கிட்டார் ஒன்றரைச் சுரம் இறக்கி, சி ஷார்ப்பில் கட்டப்பட்டிருக்கிறது. வழக்கமான சுருதியில் வைத்துக்கொண்டு கூட வாசித்தால் அவற்றில் ஒட்டாது. பிளாக் சப்பாத்தின் கிட்டார்காரர் டோனி அயோமிக்குத் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடது கைப் பழக்கக்காரர் என்பதால் அதுதான் தந்தியை அழுத்தும் கை. தந்தி தளர்ந்தால் அழுத்துவது எளிது. கூடுதல் தடிமன் தந்தி ஒரு செட் சேர்த்துக் கொடுத்தால் அன்றைக்கே ஆரம்பித்துவிடுவார்.

⁂

'தி கான்சர்ட் ஃபார் பங்களாதேஷ்' என்ற மேடைப் பதிவு ஆல்பத்தை யாரும் சொல்லவில்லையே? 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். மூன்று தட்டுப் பெட்டி. முதல் பக்கத்தில் ராக் கிடையாது: ரவி சங்கர் சிதார், அலி அக்பர் கான் சரோத், அல்லா ரக்கா தபலா. சுருதி சேர்த்ததற்கே கூட்டம் கைதட்ட, அதற்கு ரவி சங்கர் நையாண்டியாக நன்றி சொல்வதும் பதிவாகியிருக்கிறது. ராக் மட்டும் கேட்பவர் இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கட்டும். பெட்டியின் மூலைகள் எளிதில் பிளக்கும், தட்டுகளின் எடை அப்படி.

⁂

கட்டுவது பற்றி, ஏனென்றால் பாதிப் பரிசுகள் வழியிலேயே அடிபடுகின்றன.

தபாலில் அனுப்பும் திறந்த பிரதி என்றால் தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டை உறைக்குப் பின்னால் வையுங்கள். உள்ளேயே விட்டால் பெட்டி விழும்போது தட்டின் விளிம்பு உறையின் தையலைக் கிழித்துக்கொண்டு வரும். இரண்டையும் சேர்த்து பாலிப்ரொப்பிலீன் உறையில் போடுங்கள். மென்மையான பிவிசி உறை வேண்டாம். நாளடைவில் தட்டின் மேல் பனி படிந்த மாதிரி கறை விடும். முன்னும் பின்னும் ஒவ்வொரு நெளி அட்டை, ஒன்றின் நெளி மேலிருந்து கீழ், மற்றதன் நெளி குறுக்காக. அப்போதுதான் எந்தப் பக்கமும் மடியாது. உறை ஏறக்குறைய 31.5 செ.மீ. சதுரம், பெட்டி அதைவிட ஓரிரு செ.மீ. பெரிதாக இருந்து மூலைகளில் காகிதம் அடைத்தால் முனை நசுங்காது.

நேரில் கொடுப்பதானால் பிளாஸ்டிக் சுற்றைப் பிரிக்க வேண்டாம். ஆனால் கடையின் திருப்பும் கெடு முடிவதற்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நெளிவும், நடுத்துளை விலகிச் சுருதி ஆடுவதும் சுற்றவிட்டால்தான் தெரியும். வெயிலில் நிற்கும் காரில் வைக்கவே கூடாது. 180 கிராம் தட்டும் நெளியும். கனத்துக்கும் ஒலித் தரத்துக்கும் நேரடித் தொடர்பும் இல்லை. வெட்டியதும் அச்சிட்டதும் ஒழுங்காக இருந்தால் 130 கிராமும் அருமையாகப் பாடும்.

விலைச்சீட்டு அட்டையிலேயே ஒட்டியிருந்தால் தட்டை முதலில் வெளியே எடுத்துவிட்டு, முடி உலர்த்தியின் இளஞ்சூட்டை அரை நிமிடம் காட்டி மெதுவாக உரியுங்கள்.

⁂

அதோடு ஒன்று: நிமிடத்துக்கு 45 சுற்றில் வெட்டிய இரண்டு தட்டுப் பதிப்பு வாங்கியிருந்தால் "வேகத்தை 45-க்கு மாற்றவும்" என்று எழுதிய சீட்டை உறைக்குள் அல்ல, தட்டின் உள்ளுறைமேல் வையுங்கள். உறைக்குள் போட்டால் பார்க்கமாட்டார்கள்.