'தி திங்' (1982): வெளியானபோது ஒதுக்கப்பட்ட படம் எப்படி நிலைத்தது?

பின்வரிசை:
ஜான் கார்ப்பெண்டரின் 'தி திங்' படத்தை மறுபடியும் பார்த்தேன். அண்டார்க்டிகாவில் ஓர் அமெரிக்க ஆய்வு முகாம், அதில் 12 ஆண்கள், எந்த உயிரையும் உட்கொண்டு அதன் உருவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும் வேற்றுக்கிரக உயிரி, கதை இவ்வளவுதான். இன்று திகில் படங்களைப் பற்றிப் பேசுபவர்கள் இதைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். ஆனால் 1982 ஜூன் 25 அன்று வெளியானபோது விமர்சகர்கள் பலர் அருவருப்பு என்று தள்ளிவிட்டார்கள், 1.5 கோடி டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் 2 கோடியைக்கூடத் தொடவில்லை. கணினி வரைகலைக்கு முந்தைய அந்தக் கோர உருவங்களின் மீதுள்ள வியப்புதான் இதைக் காப்பாற்றியதா, வேறு காரணமும் உண்டா?

நிழற்படுதா:
அந்த வியப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். உருவங்களைச் செய்த ராப் பாட்டினுக்கு அப்போது வயது இருபதுகளின் தொடக்கம். ஓய்வே இல்லாமல் உழைத்து, கடைசியில் மருத்துவமனையில் சேரும் அளவுக்குக் களைத்துப்போனார். நாய்க் கூண்டுக் காட்சியின் உருவத்தை ஸ்டான் வின்ஸ்டன் செய்துகொடுத்தார்.

நின்றுபோன இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து இயக்க மருத்துவர் முயலும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். படுத்திருப்பவரின் மார்பு வாயாகப் பிளந்து மருத்துவரின் இரு கைகளையும் கடித்துத் துண்டிக்கிறது. அந்த ஷாட்டுக்கு மட்டும் இரு கைகளையும் இழந்த ஒருவரை அழைத்து வந்து, நடிகரின் முகத்தைப் போன்ற முகமூடியை மாட்டி, மெழுகு எலும்பும் ரப்பர் நரம்பும் வைத்த செயற்கைக் கைகளைப் பொருத்தினார்கள். அடுத்து, கழுத்து நீண்டு தலை தனியே கழன்று இறங்கும் ஷாட்டில், உருகிய பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பிய ஆவியில் தீப்பற்றி, மாதக்கணக்கில் செய்த பொம்மை எரியத் தொடங்கிவிட்டது. தீயை அணைத்துச் சீர்செய்து மறுபடியும் எடுத்தார்கள். நடிகர்களின் கண்முன்னே அந்தப் பொருள் உண்மையாகவே கிடந்ததால்தான் அவர்களின் முகத்தில் தெரியும் அதிர்ச்சி இன்றும் பழசாகத் தோன்றவில்லை.

ஒளிக்கோவை:
நண்பர் சொன்னவை அனைத்தும் சரி. ஆனாலும் படம் நிலைத்ததற்கு முதற்காரணம் அதுவல்ல என்பதே என் உறுதியான கருத்து. ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் 1938இல் எழுதிய குறுநாவலில் உயிரியின் ஆற்றலே உருமாறுவதுதான். 1951இல் வந்த முதல் திரைவடிவம் அதை விட்டுவிட்டு, ஓங்கி வளர்ந்த ஒரு அரக்கனைக் காட்டியது. கார்ப்பெண்டரும் திரைக்கதை எழுதிய பில் லங்காஸ்டரும் மூலக்கதைக்குத் திரும்பியபோது, பயம் அரக்கனிடமிருந்து பக்கத்தில் நிற்கும் மனிதனுக்கு இடம் மாறியது.

தொடக்கத்தில், உயிரி உருவெடுத்திருக்கும் ஒரு நாய் முகாமின் ஓர் அறைக்குள் மெதுவாக நுழைகிறது. உள்ளே இருப்பவரின் நிழல் மட்டும் சுவரில் விழுகிறது. அந்த நிழலை வைத்து ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக, முகாம் ஆட்களாக நடித்த எவரையும் நிறுத்தாமல் ஒரு சண்டைக் கலைஞரை நிறுத்தி எடுத்தார் கார்ப்பெண்டர். அந்த நொடியிலிருந்து எந்த முகத்தையும் நம்ப முடியாதபடி படம் நம்மை மாற்றிவிடுகிறது. பிறகு, சூடு பட்டால் உயிரியின் இரத்தம் துள்ளும் என்று நம்பி நடத்தும் இரத்தப் பரிசோதனைக் காட்சியில், கட்டிப்போடப்பட்ட மனிதர்களின் இரத்தத்தில் சூடான கம்பியை ஒவ்வொன்றாக வைக்கும்போது நாமும் அவர்களோடு சேர்ந்து கட்டுண்டு கிடக்கிறோம்.

அன்றைய பார்வையாளர்கள் இதை ஏற்காததற்குக் காலமும் ஒரு காரணம். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வெளியாகி, வேற்றுக்கிரகவாசியை வீட்டுப் பிள்ளையாகக் கொஞ்ச வைத்திருந்தது.

பின்வரிசை:
அந்த நிழலைப் பற்றி இன்றுதான் அறிகிறேன், மிக்க நன்றி. அப்படியானால் பிற்காலப் புகழ் எந்த வழியாக வந்தது?

கேசட்காலம்:
வீடியோ கேசட்டும் தொலைக்காட்சியும்தான் வழி. ஒருமுறை பார்த்து அருவருத்தவர்கள்கூட, யார் எப்போது மாறினார் என்று கண்டுபிடிக்க மறுபடி பார்த்தார்கள். திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கென்றே கட்டப்பட்ட கதை இது. தென் துருவத்து அமுண்ட்சென்–ஸ்காட் நிலையத்தில் குளிர்காலம் முழுவதும் தங்குபவர்கள், கடைசி விமானம் கிளம்பிப் போனதும் ஒன்றாக உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது.

என்னியோ மோரிக்கோனின் இசைக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். இதயத் துடிப்பைப் போன்ற அந்தத் தாழ்ந்த ஒலி அன்று மோசமான இசைக்கான ராஸி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இந்தப் படத்துக்காக அவர் எழுதி, பயன்படாமல் கிடந்த சில பகுதிகளை 2015இல் இயக்குநர் டாரன்டினோ தம் 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படத்தில் சேர்த்துக்கொண்டார். அந்தப் படத்தின் இசைக்கு மோரிக்கோனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதிலும் பனியில் சிக்கி ஒருவரையொருவர் சந்தேகிக்கும் கூட்டம், அதிலும் 'தி திங்' நாயகன் கர்ட் ரசல்.

மாறாக, 2011இல் வந்த முன்கதைப் படத்துக்காகச் செய்த பொம்மை உருவங்களின் மேல் கணினி வரைகலையைப் பூசி மறைத்தார்கள். மூலப்படத்தை நேசிப்பவர்களுக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

ஒளிக்கோவை:
முடிவைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. எரியும் முகாமின் முன்னால், கடைசியில் எஞ்சிய மெக்ரெடியும் (கர்ட் ரசல்) சைல்ட்ஸும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, இருவரில் யார் மனிதர் என்று சொல்லாமலே படம் முடிகிறது. மெக்ரெடி மீட்கப்பட்டு, இரத்தப் பரிசோதனையில் மனிதர்தான் என்று உறுதியாகும் ஒரு காட்சியையும் முன்னெச்சரிக்கையாக எடுத்து வைத்திருந்தார்கள். கார்ப்பெண்டர் அதைப் பயன்படுத்தவில்லை. சைல்ட்ஸின் வாயிலிருந்து மூச்சாவி வரவில்லை, ஆகவே அவர்தான் உயிரி என்று வாதிடுபவர்கள், துலக்கமான பிரதியில் அந்தக் காட்சியை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். ஆவி வருகிறது, ஒளி விழும் கோணத்தால் மெக்ரெடியின் மூச்சைப் போலப் பளிச்சென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.