பொங்கலுக்கு சிங்கப்பூர்: மூன்றாவது தடவையும் தேதியை மாற்றலாமா?

தென்னூர்க்காரி (26 டிசம்பர் 2021)

ஜனவரி 13 சென்னையிலிருந்து சிங்கப்பூர், 19 திரும்புகிறோம். ஐந்து பேர். அப்பாவுக்கு 68, பிரஷர் உண்டு. அம்மாவுக்கு 63, சுகர். அப்புறம் நான், கணவர், 7 வயது மகன். பெரியவர்கள் நாலு பேரும் கோவிஷீல்டு இரண்டு டோஸும் போட்டாயிற்று. பையன் வயதுக்கு இன்னும் ஊசி வரவில்லை.

இது மூன்றாவது தேதி. முதலில் 2020 ஏப்ரல் என்று இருந்தோம். அந்த மார்ச்சிலேயே கொரோனாவால் சிங்கப்பூர் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவைச் சாத்தியது, இங்கேயும் விமானங்கள் நின்றன. 2021 மே மாதத்துக்கு மாற்றினோம், இரண்டாம் அலை வந்தது. நவம்பர் 29 முதல் சென்னையிலிருந்து விடிஎல் (ஊசி போட்டவர்களுக்கான தனிப் பயண ஏற்பாடு) விமானம் உண்டு, தடுப்பூசி போட்டவர்களுக்கு அங்கே தனிமைப்படுத்தல் கிடையாது என்று தெரிந்த அன்று இரவே டிக்கெட் போட்டேன். சில நாட்களில் ஒமைக்ரான். இப்போது டிசம்பர் 22 நள்ளிரவு முதல் ஜனவரி 20 வரை புது விடிஎல் டிக்கெட் விற்பனையே இல்லை. கையில் டிக்கெட் உள்ளவர்கள் மட்டும் போகலாம்.

வெறும் சுற்றுலா என்றால் நான் இவ்வளவு யோசிக்கமாட்டேன். அப்பா 1979 முதல் நாலு வருஷம் செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். வந்த பிறகு ஒரு தடவைகூடத் திரும்பிப் போனதில்லை. அந்தக் காலத்துப் பாக்கெட் டைரியை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்.

தள்ளிப்போடலாம் என்பது என் எண்ணம். கணவர் போயே ஆகவேண்டும் என்கிறார். வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கொங்குக்காரன் (26 டிசம்பர்)

போங்கள். இதை யோசிக்காமல் சொல்லவில்லை.

2020 நவம்பரில் அம்மாவைத் துபாய்க்கு அழைத்துப் போக எல்லாம் தயாராக இருந்தது. தங்கை அங்கே இருக்கிறாள். "இன்னும் ஆறு மாசம் பொறுத்துக்கலாம்மா, ஊசி வந்துரும்" என்று நான்தான் தள்ளிப்போட்டேன். 2021 மே மாதம் கோவையில், எங்கள் வீட்டிலேயே அம்மாவுக்குத் தொற்று வந்தது. ஒன்பது நாள். ஊரை விட்டு நகராமல் பத்திரமாக வைத்திருந்தும்தான் வந்தது. தங்கை கடைசியாக முகம் பார்த்தது போனில்.

வயதானவர்கள் விஷயத்தில் தள்ளிப்போடுவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்லாதீர்கள்.

வார்டு_நினைவுகள் (26 டிசம்பர்)

கொங்குக்காரன், உங்கள் இழப்புக்கு எதிராக வாதம் செய்ய எனக்கு மனமில்லை. ஆனாலும் எதிர்ப்பக்கம் பேசியாக வேண்டும். அதே மே மாதம் நான் மதுரையில் ஒரு கோவிட் வார்டில் செவிலியர். சுகர் உள்ள அறுபது வயதுக்காரர்கள் காலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, மாலையில் ஆக்சிஜன் 82க்கு இறங்குவதைப் பார்த்தவள். உங்கள் அம்மாவை நோய் கொண்டுபோனது. பயணம் போயிருந்தால் அது நடந்திருக்காது என்று எப்படிச் சொல்ல முடியும்?

தென்னூர்க்காரி, ஒன்றை மட்டும் யோசியுங்கள். அங்கே போய் அம்மாவுக்கு பாசிட்டிவ் என்று வந்தால் யார் கூட இருப்பது? உங்களில் யாருக்கு நெகட்டிவோ அவர்கள் மட்டும் திரும்பி வருவதா? வெளிநாட்டவர் சிகிச்சைச் செலவு முழுக்க அவரவர் கையிலிருந்துதான். நேற்றுத்தான் பிரதமர் அறிவித்திருக்கிறார், ஜனவரி 10 முதல் இணைநோய் உள்ள 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முன்னெச்சரிக்கை டோஸ், அதாவது மூன்றாவது ஊசி. இரண்டு வாரம் இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளாமல் மூன்று நாள் கழித்து விமானம் ஏறுவதற்கு என்ன அவசரம்?

சிராங்கூன்வாசி (27 டிசம்பர்)

சிங்கப்பூரில் இருந்தே எழுதுகிறேன். பயப்படுகிற மாதிரி ஊர் இல்லை. மக்கள் தொகையில் பெரும்பாலானவர்கள் ஊசி போட்டவர்கள், முகக்கவசம் இல்லாமல் யாரும் நடமாடுவதில்லை. சாப்பாட்டுக் கடையில் ஒரு மேசைக்கு ஐந்து பேர் வரை உட்காரலாம், நீங்கள் சரியாக ஐந்து பேர். பொங்கலுக்குத் தேக்காவில் (லிட்டில் இந்தியா) விளக்கு அலங்காரம் இருக்கும். என் அப்பா அம்மா தஞ்சாவூரில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது, அதனால் உங்கள் கணவர் பக்கம்தான் நானும். வருகிறவர்கள் வரட்டும்.

ஆனால் பட்டறைக்குள்ளே விடமாட்டார்கள் என்று அப்பாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பக்கத்தில் செம்பவாங் பூங்கா இருக்கிறது. கடற்கரையில் நின்றால் எதிரே மலேசியாவின் ஜொகூர், ஒரு பக்கம் பட்டறையின் கிரேன்கள் தெரியும்.

வார்டு_நினைவுகள் (27 டிசம்பர்)

விளக்கு அலங்காரத்தைச் சொன்னீர்கள், சோதனைகளைச் சொல்லவில்லையே. ஏறுவதற்கு 48 மணி நேரத்துக்குள் ஒன்று. சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் பிசிஆர். மறுநாள் முதல் ஏழாம் நாள் வரை தினமும் ஏஆர்டி (உடனே முடிவு காட்டும் கிட் சோதனை), அதில் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் மையத்துக்குப் போய் எடுக்க வேண்டும். நடுவில் எந்தக் காலையில் கிட்டில் இரண்டு கோடு, அதாவது பாசிட்டிவ், விழுந்தாலும் பயணம் அத்தோடு முடிந்தது.

சிராங்கூன்வாசி (27 டிசம்பர்)

உண்மைதான், மறைக்கவில்லை. எனக்கு அது பல் துலக்குவது மாதிரி பழகிவிட்டது, அதனால் எழுதத் தோன்றவில்லை. ஏழு வயதுப் பையனுக்கு அப்படி இருக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

டிக்கெட்_கவுண்டர் (27 டிசம்பர்)

திருச்சியில் ஒரு டிராவல்ஸில் பன்னிரண்டு வருஷமாக வேலை. போகலாமா வேண்டாமா என்பதில் நான் தலையிடவில்லை. பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

2020ல் ரீஃபண்ட் கிடைத்ததே என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அக்டோபர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு முதல் ஊரடங்குக் காலத்து டிக்கெட்டுகளுக்கு, அதாவது 2020 மார்ச் 25 முதல் மே 24 வரையிலான பயணங்களுக்கு. கையில் பணம் இல்லாத விமான நிறுவனம் கிரெடிட் ஷெல் (பிறகு டிக்கெட் எடுக்கப் பயன்படும் வரவு) தரலாம், 2021 மார்ச் 31க்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் பணமாகத் திருப்ப வேண்டும் என்றார்கள். உங்கள் ஜனவரி டிக்கெட்டுக்கு அது பொருந்தாது.

இப்போது விமானம் ஓடுகிறது. ஓடும் விமானத்தில் நீங்கள் ஏறாவிட்டால் ரத்து செய்தது நீங்கள், கட்டண விதிப்படி பிடித்தம் போகத்தான் வரும். அவர்களே விமானத்தை ரத்து செய்தால் கதை வேறு, முழுப் பணத்தையும் கேளுங்கள், வவுச்சருக்குத் தலையாட்டாதீர்கள். அதனால் நீங்களாக முந்திக்கொண்டு கேன்சல் பொத்தானை அழுத்த வேண்டாம். தேதி மாற்றம் இலவசமா, எத்தனை நாள் முன்பு வரை, கட்டண வித்தியாசம் உண்டா என்று டிக்கெட் விதியைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

இன்ஷூரன்ஸிலும் ஒரு விஷயம். விடிஎல்லில் போக கோவிட் சிகிச்சைக்குக் குறைந்தது 30,000 சிங்கப்பூர் டாலர் காப்பீடு வேண்டும், எடுத்திருப்பீர்கள். அதில் ஆஸ்பத்திரிச் செலவு வரும். அறிகுறியே இல்லாமல் ஓட்டல் அறையில் அடைந்து கிடக்கும் நாட்களுக்கு வாடகை வருமா என்று தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

கொங்குக்காரன் (27 டிசம்பர்)

விதி, பிடித்தம், வவுச்சர் எல்லாம் சரி. இந்தப் பயணம் யாருக்காகவோ அவரிடம் யாராவது கேட்டீர்களா? வயதானவரை வைத்துக்கொண்டு நாமே முடிவெடுப்பது நம் வீடுகளில் பழக்கமாகிவிட்டது. நான் என் அம்மாவிடம் கேட்கவில்லை.

தென்னூர்க்காரி (28 டிசம்பர்)

கேட்கவில்லைதான். நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன்.

முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரும் பேனாவும் கேட்டார். நான் வாசிக்க வாசிக்கப் பையனுக்கு எத்தனை சோதனை என்று கோடு போட்டார். ஏறுவதற்கு முன் ஒன்று, இறங்கியதும் ஒன்று, 14ஆம் தேதி முதல் 18 வரை தினமும் ஒன்று, திரும்பி வர ஒன்று. மொத்தம் எட்டு கோடு. "எட்டுத் தடவை அவன் மூக்குல குச்சி விட்டு நான் கிரேன் பார்க்கணுமாடி?" என்றார்.

கணவர் அப்போதும் விடவில்லை. "இப்ப விட்டா எப்ப மாமா?" என்றார். அப்பா சொன்னது: "எப்பன்னு தேதி போட்டுக் கொடுங்க. போன ரெண்டு தடவையும் நிலைமை சரியாகட்டும் பார்க்கலாம்னீங்க. அது எனக்குப் பிடிக்கல."

சோதனைக்குப் பயந்தோ செலவுக்குப் பயந்தோ அவர் முகம் வாடவில்லை. தேதி இல்லாமல் காத்திருந்ததுதான் அவரை வாட்டியிருக்கிறது. இரண்டு வருஷமாக இது எனக்குத் தெரியாமல் போனதே என்று வருத்தமாக இருக்கிறது.

வார்டு_நினைவுகள் (28 டிசம்பர்)

முன்னெச்சரிக்கை டோஸுக்கு இரண்டாவது டோஸ் முடிந்து ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அவர்களுக்கு எப்போது போட்டீர்கள்?

தென்னூர்க்காரி (28 டிசம்பர்)

இருவருக்கும் ஏப்ரல் 12. ஜனவரி 12 ஒன்பது மாதம் முடிகிறது, விமானம் ஏறுவதற்கு முதல் நாள். இனி யோசிக்க ஒன்றுமில்லை, மே மாதத்துக்குத் தள்ளிப்போடுகிறோம். எங்கள் டிக்கெட்டில் ஒரு தடவை தேதி மாற்றம் இலவசம், கட்டண வித்தியாசம் மட்டும் கட்ட வேண்டும்.

கொங்குக்காரன் (28 டிசம்பர்)

எனக்கு இப்போதும் உடன்பாடு இல்லை. மே மாதம் என்ன வகை வைரஸ் வரும் என்று யாருக்குத் தெரியும்? இன்றைக்குத் திறந்திருக்கிற கதவு அன்றைக்கு மூடியிருக்கலாம். சரி, உங்கள் வீட்டு முடிவு. ஒன்றே ஒன்று: ஓப்பன் டேட் (தேதி குறிக்காமல்) வைக்காதீர்கள்.

டிக்கெட்_கவுண்டர் (28 டிசம்பர்)

இதில் நான் கொங்குக்காரன் பக்கம். ஓப்பனில் விட்டால் டிக்கெட் காலாவதியாகும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் மேசையிலேயே அப்படி நாற்பது ஃபைல் கிடக்கிறது.

தென்னூர்க்காரி (29 டிசம்பர்)

மே 6, வெள்ளிக்கிழமை என்று மாற்றியாயிற்று. ஐந்து பேருக்கும் சேர்த்து கட்டண வித்தியாசம் 11,400 ரூபாய். டிக்கெட்டைப் பிரின்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். மடித்து டைரிக்குள் வைத்துக்கொண்டார்.