கண்முன் விழுங்கினால்தான் காசநோய் அடங்குமா?

பாளை களப்பணி (ஓய்வு):
"மாத்திரையைச் சுகாதாரப் பணியாளரின் கண்முன் விழுங்க வைப்பது வீண் வேலை, வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாலே நகரத்தில் காசநோய் குறையும்" என்று பேட்டைவாசி நேற்று எழுதியதைப் படித்தபின் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் இருமல் நின்று, பசியெடுத்து, எடை கூடியதும், குணமாகிவிட்டது என்று நம்பி மீதி நான்கு மாத மருந்தைக் கைவிட்டவர்களை நான் தெருத்தெருவாகத் தேடி அலைந்திருக்கிறேன். மருந்துக்கு அடங்காத காசநோய் அங்கேதான் உருவாகிறது. கண்முன் விழுங்க வேண்டும். அதில் பேரம் இல்லை.

பேட்டைவாசி:
அண்ணாச்சி, 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் (காசநோய்க்கான தங்கும் மருத்துவமனையில்) சேர்க்கப்பட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் குணமடைந்தார்கள். கண்முன் விழுங்கியவர்களையும் தாமே விழுங்கியவர்களையும் ஒப்பிட்ட சோதனைகளைத் திரட்டிய காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வும் குணமடைவதில் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. உங்கள் அனுபவத்துக்காக ஆய்வு முடிவு மாறாது.

பாளை களப்பணி (ஓய்வு):
அதே சென்னை ஆய்வில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குச் சென்று மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அது கண்காணிப்பு இல்லாமல் வேறென்ன? ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தை விழுங்கியவருக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். "தவறாமல் சாப்பிடுகிறேன்" என்று சொன்னவர்களின் பொய்யை அந்த நிறத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறேன். டெங்கு பற்றிப் பேசியபோதும் நீங்கள் இப்படித்தான் பாதிக் கட்டுரையைப் படித்துவிட்டு வந்தீர்கள்.

மேலப்பாளையத்து மகள்:
என் தாயார் பீடி சுற்றுகிறவர். மருந்து தரும் மையத்துக்குப் போய் வருவதற்குள் அன்றைய கணக்கில் பல கட்டுகள் குறையும், கூலியும் குறையும். கல்யாணத்துக்கு இருக்கிற பெண் தினமும் தெருமுனை அங்கன்வாடியில் மாத்திரைக்கு நின்றால், மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்தி போய்விடும். இதை இருவருமே எண்ணிப் பார்க்கவில்லை.

பாளை களப்பணி (ஓய்வு):
பீடித் தூசியில் நாள் முழுதும் உட்காருவதைப் பற்றியும் சேர்த்து எழுதுங்கள், தங்கச்சி.

மேலப்பாளையத்து மகள்:
காசநோயைத் தருவது கிருமி. பிழைப்பின் மேல் பழி போடாதீர்கள். இத்தனை வருடம் எங்கள் தெருக்களில் நடந்தும் நீங்கள் கண்டது இவ்வளவுதானா?

தாழையூத்து:
ஒன்றைத் தெளிவாக்குங்கள். நீங்கள் பேசுவது சிகிச்சைக்கு வந்தவர் குணமாவதையா, மாநகரில் நோய் பரவுவது குறைவதையா? முன்னது பதிவேட்டில் ஏறியவர்களை மட்டுமே எண்ணுகிறது. தனியார் மருத்துவர்களும் நோயாளிகளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயமே 2012இல்தான் வந்தது.

பேட்டைவாசி:
அது இருக்கட்டும். வாரம் மூன்று நாள் மருந்து என்ற முறையை அரசே 2017இல் தினசரி மருந்தாக மாற்றியது. ஆறு மாதமும் தினந்தோறும் ஒவ்வொருவர் வாயையும் யார் பார்த்துக்கொண்டிருப்பது? அதனால்தான் மாத்திரை அட்டையைப் பிரித்தால் தெரியும் தொலைபேசி எண்ணுக்கு நோயாளியே அழைக்கும் ஏற்பாடு வந்தது.

பாளை களப்பணி (ஓய்வு):
அழைத்தவர் மாத்திரையை விழுங்கினாரா, சாக்கடையில் போட்டாரா என்று அந்த எண் சொல்லுமா? ஆஷா என்னும் சுகாதாரப் பணியாளரோ, பக்கத்து வீட்டுப் படித்த பெண்ணோ, நோயாளிக்கு வசதியான நேரத்தில் கொடுக்கட்டும்; ஆனால் கண்முன் கொடுக்கட்டும். இதை நான் ஆயிரம் முறையும் சொல்வேன்.

பேட்டைவாசி:
ஆயிரம் முறை சொன்னாலும் காக்ரேன் முடிவுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, அண்ணாச்சி.

பாளை களப்பணி (ஓய்வு):
பாதியில் கைவிட்டுப் போன ஒரே ஒரு நோயாளியின் வீட்டுக் கதவையாவது தட்டிவிட்டு வந்து கேளுங்கள், அப்போது சொல்கிறேன்.